பூதிக்கோட்டை தந்த ஐதர்

பங்காருபேட்டையில் பிறந்தவனுக்கு ஐதர் அலி அண்டை வீட்டுக்காரர் போல. அவர் பிறந்த பூதிக்கோட்டை எங்கள் வட்டத்திலேதான் இருக்கிறது. கன்னடத்தில் அதற்குச் சாம்பற்கோட்டை என்று பொருள். பள்ளிப் பருவத்தில் அந்தப் பெருமையை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். என் ஆயாவோ அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பாள். தங்கவயல் சுரங்கத்திற்கு வேலை தேடி வந்த குடும்பம் எங்களுடையது. பூர்விகம் வட ஆர்க்காட்டுக் குடியாத்தம். ஆயாவின் வாயில் பேரழிவுக்கு ஐதர் கலாபம் என்றே பெயர். இந்த இரண்டுக்கும் இடையே வளர்ந்ததாலேயே அம்மனிதரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1720ஐ ஒட்டிப் பிறந்த ஐதர், சிறு வயதிலேயே தந்தையைப் போரில் இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. கையொப்பமாகத் தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும், அதையும் தலைகீழாக, இடுவார் என்பர். ஆயினும் ஐந்து மொழிகள் பேசுவார். கேட்ட கணக்கை மறக்கமாட்டார். 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் பெற்றார். 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜுதார் ஆனார். பிரெஞ்சுக்காரர் துணையோடு பீரங்கிப் பட்டறை அமைத்துத் தமக்கென ஒரு படையை அவர் வளர்த்தது அங்கேதான்.

மைசூரில் அப்போது அரசர் பெயருக்கே அரசர்; ஆண்டவர்கள் தளவாய்கள். ஊதியம் காணாத படை கலகம் செய்தது. பாக்கியைத் தீர்த்துவைத்த ஐதரின் பக்கம் படையும் சாய்ந்தது. 1760இல் அவருடைய கணக்கராயிருந்த கண்டேராவ் அரண்மனையோடு சேர்ந்து அவரைக் கவிழ்த்தார். மனைவி மக்களை விட்டுவிட்டு இரவோடிரவாகப் பெங்களூருக்கு ஓடிய ஐதர், மறு ஆண்டே வென்று திரும்பினார். கண்டேராவைக் கிளிபோல் காப்பதாக வாக்களித்தாராம். இரும்புக் கூண்டிலிட்டுப் பாலும் சோறும் கொடுத்தாராம். சொன்ன சொல் தவறாதவர்தாம்!

அரியணையில் அவர் அமரவில்லை. உடையார் மரபினரையே அதில் இருத்தி, தசராவில் மக்களுக்குக் காட்டி, பிறகு அரண்மனைக்குள் பூட்டிவைத்தார். மராட்டியரோடு தொடர்பு கொண்டதாக ஐயத்துக்குள்ளான இளம் அரசர் நஞ்சராஜர் 1770இல் கொல்லப்பட்டார்.

1779இல் கும்பெனியின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றவர் தமிழறிந்த பாதிரியார் சுவார்ட்சு. சவுக்கேந்திய இருநூறு பேர் அங்கே எப்போதும் ஆயத்தமாய் நின்றதாகவும், வரி தண்டுவோர், குதிரைக்காரர், சொந்தப் பிள்ளைகள் என்ற வேற்றுமையின்றி அடி விழுந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் சாதியும் சமயமும் பாராமல் திறமைக்கு இடம் தந்தவரும் இதே ஐதர்தான். பூர்ணையா போன்றோர் உயர்ந்தது அவரிடத்தில்தான். இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சுற்றிலும் மராட்டியர், நிசாம், கும்பெனி. நிலையான நண்பர் எவருமில்லை. 1769இல் சென்னையின் வாயில்வரை சென்று கும்பெனியைப் பணியவைத்தார். துணைக்கு வருவதாக அது ஒப்பந்தமும் செய்தது. மராட்டியர் படையெடுத்தபோது வரவில்லை. அந்தக் கோபம் 1780இல் சுமார் 80,000 பேரோடு கணவாய்களின் வழியே இறங்கியது. பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்ததை நம் புத்தகங்கள் வியந்து பேசுகின்றன. ஆங்கிலேயருக்குத் தானியம் கிடைக்கக்கூடாதென்று சென்னையையும் வேலூரையும் சுற்றி ஊர்கள் கொளுத்தப்பட்டதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆயாவின் முன்னோர் அந்த ஒரு வரிக்குள் இருந்தவர்கள். சென்னையில் பஞ்சம் மூண்டு, 1782இல் மணியக்காரர் சத்திரம் என்னும் கஞ்சித்தொட்டி தோன்றியது.

அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ராஜபிளவையால் ஐதர் மாண்டார். திப்பு மலையாளக் கரையில் இருந்தார். அரசு முழுவதும் ஒரே மனிதரின் தலைக்குள் இருந்ததால், அவர் இறந்த செய்தி வெளிவந்தால் படை கலைந்துவிடும். பூர்ணையாவும் மற்ற அமைச்சர்களும் அவர் உயிரோடிருப்பது போலவே நாள்தோறும் அலுவல் நடத்தினர். உடலைப் பெட்டியிலிட்டு, கருவூலப் பொருள் போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினர். தந்தையின் கல்லறைக்கு அருகே அங்கே கிடந்த உடல், பின்னர் சீரங்கப்பட்டணத்துக்குப் போயிற்று.

கோலாரிலுள்ள அந்த மக்பராவுக்கு ஒருமுறை ஆயாவை அழைத்துச் சென்றேன். வாயிலில் வெற்றிலையை மடித்தபடி நின்றுவிட்டாள். நான் மட்டும் உள்ளே போய் வந்தேன்.