ஜெசி பொண்ட்: மூன்று பவுணிலிருந்து முப்பது பவுண் வரை

கில்பேர்ட்டும் சலிவனும் சேர்ந்து படைத்த கொமிக் ஒப்பேராக்களை முழுமையாகப் பார்க்காதவர்களும் ‘மிக்காடோ’வில் வரும் மூன்று சிறு பெண்களின் பாட்டை எங்காவது கேட்டிருப்பார்கள். பாடசாலை மேடையில் கிமோனோ என்று பெயர் சூட்டிய ஏதோ ஓர் உடையைச் சுற்றிக்கொண்டு, கையில் காகித விசிறியுடன் அதைப் பாடியவர்களும் இம்மலரை வாசிப்போரிடையே இருக்கக்கூடும். அந்த மூவரில் ஒருத்தியாக 1885ஆம் ஆண்டு முதன்முதலில் மேடையேறியவர் ஜெசி பொண்ட். அக்காலத்து இலண்டனில் அவரைத் தெரியாத நாடக இரசிகர் இல்லை. அவருடைய குரலை நாம் கேட்பதற்கு ஒலிப்பதிவு எதுவும் எஞ்சவில்லை. ஆயினும் ஒரு பெண் தன் உழைப்பின் பெறுமதியை எப்படி அறிந்துகொண்டாள் என்பதற்காகவே அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கலாம்.

1853ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி இலண்டனில் கம்டன் ரவுண் பகுதியில் ஜெசி பிறந்தார். தந்தையார் பியானோ செய்பவர். குடும்பம் லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்தது. ஜெசி வளர்ந்தது அங்கேதான். பியானோ செய்பவர் வீட்டில் பிள்ளை பியானோ பழகுவது புதுமையல்ல. ஆனால் எட்டு வயதில் பொதுமேடையில் பேதோவனின் சொனாற்றா ஒன்றை வாசிக்கும் அளவுக்கு இந்தப் பிள்ளையிடம் திறமை இருந்தது. வளர வளரக் குரலும் நன்றாக அமைந்ததால் பாட்டுப் பயில அனுப்பினார்கள்.

கலைஞர்களின் வாழ்க்கையை எழுதுவோர் அடுத்த பகுதியை இரண்டு வரிகளில் கடந்துபோவது வழக்கம். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. ஜெசிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் ஷொட்லாண்டர் என்ற இசையாசிரியர், பாடகர் குழுவொன்றை நடத்தியவர். வயதில் மூத்த அந்த மனிதர் பதினேழு வயது மாணவியை 1870இல் மணம் முடித்துக்கொண்டார். அந்த வீட்டில் ஜெசி அனுபவித்தது கொடுமைதான். பிறந்த ஆண் குழந்தை சில கிழமைகளுக்குள் இறந்துபோனது. உடல்நலம் கெட்ட நிலையில் கணவரை விட்டுப் பெற்றோரிடம் திரும்பி வந்தார் ஜெசி. பின்னர் அந்த மணம் சட்டப்படி முறிக்கப்பட்டது.

அன்றைய இங்கிலாந்தின் சட்டத்தை இங்கே நினைவில் வைக்கவேண்டும். மனைவி கற்பு தவறினாள் என்று காட்டினாலே கணவனுக்கு மணமுறிவு கிடைத்துவிடும். மனைவிக்கோ கணவனின் பிறழ்வோடு கொடுமையையோ, கைவிட்டுச் சென்றதையோ, வேறொரு பெருங்குற்றத்தையோ சேர்த்து நிரூபித்தால்தான் விடுதலை. மணமான பெண் உழைக்கும் கூலி அவளுக்கே சொந்தம் என்ற சட்டம்கூட, ஜெசி மணம் முடித்த அதே 1870இல்தான் வந்தது. அதற்கு முன்னர் அது கணவனுடைய பணம். பிற்காலத்தில் இந்தப் பெண் சம்பள விடயத்தில் காட்டிய பிடிவாதத்தைப் பேராசை என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்திருக்கலாம்.

ஊர் திரும்பியவர் முடங்கிக் கிடக்கவில்லை. பியானோ கற்பித்தார், கச்சேரிகளில் பாடினார். பின்னர் இலண்டன் சென்று றோயல் அக்கடமியில் மனுவேல் கார்சியாவிடம் பயின்றார். பாடுபவர்களின் தொண்டையைக் கண்ணாடி கொண்டு பார்த்து, குரல் பிறக்கும் விதத்தை ஆராய்ந்த பெரியவர் இந்தக் கார்சியா. ஜெசி அப்போது நின்ற இடத்தில் நின்று பாடும் கச்சேரிப் பாடகி. நாடக மேடையில் கால் வைத்ததே இல்லை.

1878ஆம் ஆண்டு மே மாதம் ரிச்சர்ட் டொயிலி காட் என்ற அரங்க முதலாளி அவரை அழைத்தார். கில்பேர்ட் வசனமும் பாட்டும் எழுத, சலிவன் இசையமைத்த ‘எச்.எம்.எஸ். பினபோர்’ மேடையேறச் சில நாட்களே இருந்தன. ஹீபி என்ற சிறு பாத்திரத்துக்கு ஒழுங்கு செய்திருந்த மூத்த நடிகை விலகிவிட்டார். ஜெசிக்கு நடிப்புத் தெரியாது. வசனம் பேசவும் பயம். கில்பேர்ட் என்ன செய்தார் தெரியுமா? ஹீபியின் வசனத்தையே வெட்டிவிட்டார். ஆகவே அந்தக் கதையில் அமைச்சரின் பின்னால் உறவுக்காரப் பெண்களோடு வந்து, பாடவேண்டிய இடத்தில் பாடிவிட்டு நிற்பதுதான் ஹீபியின் வேலை. சம்பளம் கிழமைக்கு மூன்று பவுண், ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு.

கொமிக் ஒப்பேரா என்றால் என்ன என்று இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய ஒப்பேராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. இங்கே பாட்டுக்கிடையில் பேச்சும் உண்டு. பிரபுக்களையும் நீதிபதிகளையும் கடற்படைத் தளபதிகளையும் நகையாடும் கதைகள். எமது கூத்து மேடைகளில் பெண் வேடத்தை ஆண்களே கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் பெண்கள் மேடையேறினார்கள், ஆனால் அதற்குரிய மரியாதை சமூகத்தில் கிடைக்கவில்லை. நடிகை என்றால் நல்ல குடும்பங்கள் முகம் சுளித்தன. கில்பேர்ட்டும் டொயிலி காட்டும் இதை மாற்ற நினைத்தார்கள். ஆண்களின் ஒப்பனை அறைகள் ஒரு பக்கம், பெண்களுடையவை மறுபக்கம். மேடைக்குப் பின்னால் வெளியாருக்கு இடமில்லை. ஒருமுறை அரங்கின் பெட்டி ஆசனத்தில் இருந்த இளம் கனவான்கள் சிலர் ஜெசியை இராவிருந்துக்கு அழைத்துத் துண்டு அனுப்பினார்கள். கில்பேர்ட் நேரே அவர்களிடம் போய் அரங்கை விட்டு வெளியேறச் செய்தார். இந்தக் கண்டிப்பைச் சிலர் பெண்கள் பாடசாலை விடுதி போல என்று கேலி செய்ததுண்டு. விடுதியில் இருந்து படித்தவர்களுக்கு அந்தக் கேலியின் பொருள் நன்றாக விளங்கும்!

‘பினபோர்’ பெரும் வெற்றி. அமெரிக்காவிலோ அனுமதி இல்லாமலே பலர் அதைப் போட்டுப் பணம் பண்ணினார்கள். அதைத் தடுக்கக் குழுவே கப்பலேறியது; ஜெசியும் போனார். அடுத்த படைப்பான ‘பைரேற்ஸ் ஒஃப் பென்சான்ஸ்’ 1879 டிசெம்பர் 31ஆம் திகதி நியூயோர்க்கில் முதன்முதலாக அரங்கேறியபோது ஈடித் என்ற பாத்திரத்தைப் பாடினார். இந்த ஆரம்ப வருடங்களில்தான் கணுக்காலில் வந்த கட்டொன்று ஆறாமல் நீண்டு, அந்த மூட்டு நிரந்தரமாக விறைத்துப்போனது. அதற்குப் பின்னர் அவர் ஆடிய ஆட்டமெல்லாம் அந்தக் காலோடுதான். சபையில் இருந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

1881இல் டொயிலி காட் கட்டிய சவோய் அரங்கு முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம் என்று பெயர் பெற்றது. மறுவருடம் அங்கே ‘அயலாந்தி’ மேடையேறியபோது தலைப்புப் பாத்திரமே ஜெசிக்கு. முக்கிய தேவதைகளின் கூந்தலில் சிறு மின்கலத்தில் எரியும் நட்சத்திரங்கள் மின்னின. இறுதிக் கட்டத்தில் அயலாந்தி தன் மகனுக்காகக் கணவனிடம் இரந்து பாடும் பாட்டில் நகைச்சுவை துளியும் இல்லை. வசனம் பேசப் பயந்த கச்சேரிப் பாடகி நான்கே வருடத்தில் சபையை அழவைக்கும் இடத்துக்கு வந்திருந்தார்.

‘மிக்காடோ’வுக்கு வருவோம். குழுவில் இருந்த மூன்று நடிகைகள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் குள்ளமாக இருந்தது தற்செயல்: லியோனோரா பிறஹாம், ஜெசி பொண்ட், சிபில் கிறே. அதைப் பார்த்தே மூன்று பாடசாலைப் பெண்கள் என்ற எண்ணம் கில்பேர்ட்டுக்கு வந்தது. இலண்டன் நைற்ஸ்பிறிட்ஜில் அப்போது திறந்திருந்த ஜப்பானியக் கண்காட்சிக் கிராமத்திலிருந்து வந்தவர்கள் நடையையும் விசிறி பிடிக்கும் முறையையும் காட்டிக்கொடுத்தார்கள். ஜெசிக்குக் கிடைத்த பிற்றி-சிங் மூவரில் தலைமைப் பாத்திரம் அல்ல. அவர் உடை தைப்பவரிடம் சொல்லித் தன் இடைக்கச்சையின் பின் முடிச்சை மட்டும் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வைப்பித்தார். மேடையில் திரும்பி நின்று அதை ஒரு ஆட்டு ஆட்டுவார். சபை சிரித்து ஓயாது. மற்ற இரு பெண்களுக்கும் இது பிடித்திருக்குமா என்பது வேறு கதை. ‘மிக்காடோ’ அந்த முதல் ஓட்டத்தில் மட்டும் 672 முறை நடந்தது.

1887இல் ‘றடிகோர்’. காதலால் மனம் பேதலித்த மாட் மாகரட் என்ற பாத்திரம் அவரை வேறொரு நடிகையாகக் காட்டியது. முதல் அங்கத்தில் கலைந்த தலையோடு வரும் பைத்தியக்காரி, இரண்டாம் அங்கத்தில் கறுப்பு உடுத்து அடக்க ஒடுக்கமாக வரும் சமூக சேவகி. ஆனால் எப்போது பழைய பித்து வெளியே எட்டிப்பார்க்கும் என்று சொல்லமுடியாது. சிரிப்புக்கும் இரக்கத்துக்கும் இடையில் ஒரு மயிரிழைதான். அந்த இழையில் நடப்பது எளிதல்ல.

1888 ஒக்டோபர் 3ஆம் திகதி ‘யோமன் ஒஃப் த காட்’ அரங்கேற்றம். வழக்கமாக இவ்வகை நாடகங்கள் திரை விலகியதும் பெருங்குழுப் பாட்டோடு தொடங்கும். இதில் கில்பேர்ட் துணிந்து ஒரு மாற்றம் செய்தார். திரை விலகும்போது இலண்டன் கோபுரக் கோட்டையின் முற்றத்தில் ஃபீபி என்ற பெண் தனியே இராட்டையின் முன்னால் இருந்து பாடுவாள். அந்த ஃபீபி ஜெசி. அன்று மாலை கில்பேர்ட்டுக்குத் தாங்கமுடியாத பதற்றம். திரைக்குப் பின்னால் இராட்டையடியில் இருந்த ஜெசியைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாம் சரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜெசிதான் அவரைப் போகச் சொல்லித் துரத்தவேண்டி இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னர் இவருக்கு வராது என்று வசனத்தை வெட்டியவரும் அவர்தான், முழு நாடகத்தின் முதல் நிமிடங்களை இவர் கையில் ஒப்படைத்தவரும் அவர்தான்.

மறுவருடம் ‘கொண்டலியேர்ஸ்’. அதில் ரெஸா பாத்திரம் ஏற்க அழைத்தபோது ஜெசி தன் நிபந்தனையை வைத்தார். அப்போது கிழமைக்கு இருபது பவுண் வாங்கிக்கொண்டிருந்தவர், முப்பது தந்தால்தான் நடிப்பேன் என்றார். கில்பேர்ட் கடுமையாக எதிர்த்தார். இந்த நாடகத்தில் எவருமே நட்சத்திரமாகக் கூடாது, எல்லாருக்கும் சமமான பங்கு என்பதே அவருடைய திட்டம். நியாயமான கொள்கைதான், ஆனால் நாளாந்தம் அரங்கு நிறையக் காரணமானவர்களில் தானும் ஒருத்தி என்பது ஜெசிக்குத் தெரிந்திருந்தது. அவர் அசையவில்லை. இறுதியில் முப்பது பவுண் கொடுத்தார்கள். கில்பேர்ட் ஒத்திகைகளில் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிய சம்பளக்காரிக்கு வழி விடுங்கள் என்ற பாவனையில் எல்லார் முன்னும் குத்திக்காட்டினார். ஜெசி வாய் திறவாமல் தன் வேலையைச் செய்தார். 1889 டிசெம்பர் 7ஆம் திகதி தொடங்கிய அந்த நாடகம் 554 முறை நடந்தது.

அந்தக் கோபம் நிலைக்கவில்லை. 1891இல் சவோயை விட்டு விலகி, சக நடிகர் றட்லண்ட் பரிங்ரனோடு சேர்ந்து ஊர் ஊராகச் சிறு நிகழ்ச்சிகள் நடத்திய ஜெசியை, 1894இல் ‘ஹிஸ் எக்ஸலன்சி’யில் நடிக்கவைத்தார் கில்பேர்ட். இடையில் மற்ற அரங்குகளில் செய்தவை பெயர் சொல்லும்படி அமையவில்லை. ‘மிக்காடோ’ மீண்டும் சவோயில் போடப்பட்டபோது பிற்றி-சிங்காகத் திரும்பி வந்தார்.

1897இல், 44 வயதில், லூயிஸ் றன்சம் என்ற பொறியியலாளரை மணந்து மேடையை விட்டார். குவேக்கர் சமயக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் நெடுங்காலம் காத்திருந்தவர். பதினேழு வயதில் ஒருமுறை சுடுபட்டவர் மறுமணத்துக்கு இத்தனை வருடம் தயங்கியதில் வியப்பில்லை. விலகியதைக் கேட்ட கில்பேர்ட்டுக்குச் சினம். இப்படி நடுவில் விடுகிறாயே என்று அவர் ஏசினார். ஜெசி அதற்கும் அசையவில்லை. நொட்டிங்ஹாம்ஷயரில் நியுவாக் அருகே ஃபாண்டன் கிராமத்தில் குடும்பம் நடத்தினார். கணவர் 1922இல் காலமானதும் தென்கரையில் வேர்திங் நகருக்குப் போனார்.

தமது நினைவுகளை இன்னொருவர் உதவியோடு நூலாக்கி 1930இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 77. கில்பேர்ட்டின் பதற்றமும் முப்பது பவுண் சண்டையும் இடைக்கச்சைக் குறும்பும் எமக்குத் தெரியவருவது பெரும்பாலும் அந்த நூலால்தான். போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி, 89ஆவது வயதில், வேர்திங்கில் காலமானார். சவோயின் முதல் தலைமுறையில் கிறோஸ்மித், பரிங்ரன், பிறஹாம் எல்லாரும் அவருக்கு முன்னரே போய்விட்டார்கள். ‘பினபோர்’ இன்று எங்கே மேடையேறினாலும் ஹீபி பெரும்பாலும் பேசாமல்தான் நிற்கிறாள். 1878இல் வெட்டிய வசனம் வெட்டியபடியே இருக்கிறது.