மாணாக்கராகிய ஆசிரியர்

முத்துக்குளித்துறை

பொருநை ஆறு கடலொடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் என்னும் ஊர் அமைந்துள்ளது. அதற்கு வடக்கே தூத்துக்குடித் துறைமுகமும், தெற்கே காயல்பட்டினமும் திருச்செந்தூரும் மணப்பாடும் உள்ளன. பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை இவ்வூருக்கு அண்மையிலேயே உள்ளது. அன்று கடல்துறையாய் இருந்த கொற்கை, கடல் விலகிப் போனமையால் இன்று உள்நாட்டுச் சிற்றூராய்க் காட்சியளிக்கிறது. இக்கடற்கரை முழுவதையும் முத்துக்குளித்துறை என வழங்குதல் பழைய வழக்கு.

அந்நாளில் முத்தெடுக்கும் தொழில் ஒருவர் தனித்துச் செய்யத்தக்கதன்று. கயிற்றிற் கட்டிய கல்லின் துணையால் கடலடிக்குச் செல்பவர் ஒருவர். தோணியில் நின்று அக்கயிற்றைப் பற்றியிருந்து, குறிப்பறிந்து அவரை மேலே இழுப்பவர் மற்றொருவர். மூழ்கியவரின் உயிர் மேலே நிற்பவரின் கையில் இருந்தது. ஒருவரையொருவர் நம்பித் தொழில் செய்த இம்மக்களிடையே 16-ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டார் ஒருவர் வந்து சேர்ந்தார். கற்பிக்க வந்த அவர், முதலில் அம்மக்களுக்கே மாணாக்கரானார். தமிழ் அச்சுக்கலையின் தந்தை எனப் போற்றப்பெறும் அண்டிரிக் அடிகளாரே அவர்.

பிறப்பும் இளமையும்

அடிகளாரின் முழுப்பெயர் என்றீக்கே என்றீக்கசு என்பது. அவர் போர்ச்சுகல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் 1520-ஆம் ஆண்டில் தோன்றினார். அவர்தம் முன்னோர் யூத மரபினர். அக்காலத்தில் அந்நாட்டில் அம்மரபினர் பலவகை இடர்களுக்கு உள்ளாயினர். துறவு வாழ்வை விரும்பிய அவர் முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். ஆயினும் மரபு காரணமாக அச்சபையில் நிலைத்திருக்க இயலவில்லை. பின்னர்க் கோயிம்பிரா நகரில் கல்வி பயின்று, இயேசு சபையில் சேர்ந்து, 1546-ஆம் ஆண்டில் கடல் கடந்து கோவாவை அடைந்தார். மறு ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு.

அவருக்கு முன்னர், 1542-ஆம் ஆண்டில், சவேரியார் இக்கரைக்கு வந்திருந்தார். சவேரியார் கையில் மணியேந்தி ஊர்தோறும் சென்று சிறுவரைக் கூட்டுவார். தமிழறிந்தோர் துணையால் பெயர்க்கப்பட்ட வேண்டுதல்களை மனப்பாடம் செய்விப்பார். கற்றவற்றை வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்குமாறு அச்சிறுவரையே ஏவுவார். சிறுவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஆசிரியராயினர். எனினும் சவேரியார் தமிழை முற்றக் கற்கவில்லை. மனத்திற் பதிந்த சொற்கள் பல. பொருள் விளங்கியது சிறிதே. இக்குறையை நீக்கும் பணி அண்டிரிக் அடிகளாருக்கு வாய்த்தது.

மொழி கற்ற முறை

அடிகளாரும் தொடக்கத்தில் துபாசியையே நம்பியிருந்தார். அவர் போர்ச்சுகீசிய மொழியிற் பேசுவார். துபாசி அதனைத் தமிழிற் கூறுவார். தாம் கூறியதைத்தான் துபாசியும் கூறினாரா என்பதை அடிகளார் அறிதற்கு வழியில்லை. மக்களின் துயரும் வினாவும் தம்மிடம் முழுமையாய் வந்து சேர்ந்தனவா என்பதும் விளங்கவில்லை. பிறர் நாவை நம்பி எத்தனை நாள் வாழ்வது? தமிழைத் தாமே கற்பதென அவர் உறுதி பூண்டார்.

அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கு ஏற்ற இலக்கண நூல் ஒன்றும் இல்லை. தமிழ்ப் புலவர் போற்றிய தொல்காப்பியமும் நன்னூலும் ஏட்டுச் சுவடிகளாய் இருந்தன. மொழியறியாத புதியவர் அவற்றிற் புகுதல் அரிது. ஆகவே அடிகளார் மக்களின் பேச்சையே நூலாகக் கொண்டார். தாம் முன்னரே அறிந்திருந்த இலத்தீன் இலக்கணம் அவருக்குத் துணைசெய்தது. இலத்தீனைப் போலவே தமிழிலும் வினைமுற்று ஒன்றே செயலையும் காலத்தையும் செய்தவரையும் உணர்த்தும். வந்தேன், வந்தாய், வந்தான் என்றாற்போல வரும் வடிவங்களை அவர் கேட்டுக் கேட்டு எழுதி, நிரல்பட வகுத்தார். இரவும் பகலும் இதே நினைவாய் உழைத்தார். சில திங்களிலேயே துபாசியின் துணையின்றிப் பேசும் ஆற்றல் பெற்றார்.

இம்முயற்சியில் ஓர் அருமை உண்டு. பல்கலைக்கழகத்திற் பயின்ற ஒருவர், மீன்பிடிப்போரிடமும் முத்துக்குளிப்போரிடமும் சென்று, இதனை எவ்வாறு கூறுவீர் என வினவவேண்டியிருந்தது. ழகரமும் ளகரமும் அயல்நாட்டார் நாவிற்கு எளிதில் வாரா. தவறு செய்தல், திருத்தம் பெறுதல், மீண்டும் முயலுதல் என்னும் மூன்றும் அவருக்கு நாள்தோறும் நேர்ந்திருக்கும். தவறுக்கு நாணி வாய்மூடியிருப்பவர் எம்மொழியையும் கற்க இயலாது. அடிகளார் வாய்மூடியிருக்கவில்லை.

தமிழர் கண்ட கல்வி நெறியும் இதுவே. ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கேட்பினும் மாணாக்கர் பெறுவது கல்வியிற் காற்பங்கே என்று நன்னூலார் கூறுவர். உடன் பயில்வாரோடு கூடிப் பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும். இவ்வகையில், கேட்டல் கல்வியின் தொடக்கமேயன்றி முடிவன்று. வினவுதல், கூடிப் பழகுதல், தாமே சிந்தித்து உரைத்தல் ஆகியன கல்வியின் பெரும்பகுதி. இந்நெறியை அடிகளார் வாழ்ந்து காட்டினார்.

கூடிப் பயின்ற கல்வி

தாம் உழைத்துப் பெற்றதை அடிகளார் தம்மோடு நிறுத்திக் கொள்ளவில்லை. பின்வரும் தோழர் தாம் பட்ட அல்லலைப் படாதிருக்க வேண்டுமென எண்ணி, 1549-ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். கடற்கரை மக்கள் அந்நாளில் பேசிய தமிழ் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. அதன் கையெழுத்துப்படி லிசுபன் நகர நூலகத்திற் காக்கப்பட்டு, 1982-ஆம் ஆண்டில் அச்சேறியது.

1549-ஆம் ஆண்டிலேயே, இத்துறையில் இருந்த இயேசு சபையினர்க்கு அடிகளார் தலைவரானார். தோழர்கள் தம்முள் பேசும்பொழுதும் தமிழிலேயே பேசவேண்டும் என்பது அங்கு விதியாயிற்று. உணவு கொள்ளும்பொழுதும் வழிநடக்கும்பொழுதும் ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்த, அவர்கள் உறைவிடமே பள்ளியாயிற்று. நூலால் வருவது அறிவு. பழக்கத்தால் வருவது திறன். இரண்டும் அங்கு ஒருங்கே வளர்ந்தன. தமிழைக் கற்பிப்பதற்கெனக் கல்விநிலையம் ஒன்று இக்கரையில் அமையவேண்டும் என்னும் விருப்பமும் அவருக்கு இருந்தது.

அச்சேறிய தமிழ்

ஓலையில் எழுதிய நூலைப் பலர் கையில் சேர்த்தல் எளிதன்று. படியெடுக்க நாள் பல செல்லும். படிதோறும் பிழையும் மிகும். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டிலேயே அச்சுக்கலை பரவியிருந்தது. கோவாவில் 1556-ஆம் ஆண்டில் அச்சுப்பொறி இயங்கத் தொடங்கியது. பின்னர்த் தமிழெழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பட்டன. அடிகளார் இயற்றிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல், கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்று, தன் எழுத்தாலேயே இந்திய மண்ணில் நூலாக அச்சேறியது இதுவே முதன்முறை. முத்துக்குளித்துறை மக்கள் இப்பணிக்குப் பொருளுதவி புரிந்தனர். அந்நூலின் முகப்பில் அடிகளாரின் பெயரோடு, உடனுழைத்த மனுவேல் என்னும் குருவின் பெயரும் பொறிக்கப்பட்டது.

மறு ஆண்டு நவம்பர்த் திங்களில் 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. இது போர்ச்சுகல் நாட்டுச் சிறுவர்க்காக எழுதப்பட்ட நூலொன்றின் தமிழாக்கம். ஆசிரியர் வினவ, மாணாக்கர் விடை கூறும் உரையாடலாக இந்நூல் அமைந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் முறையினும் இது ஒரு படி மேலானது. மாணாக்கரின் குரலுக்கும் இதில் இடம் உண்டு. ஆயினும் வினாவும் விடையும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. மாணாக்கர் தாமே ஐயுற்று வினா எழுப்புதற்கு இந்நூலில் இடமில்லை. கடற்கரையில் அடிகளார் தாமே வினவிக் கற்ற உரிமை, அவர் எழுதிய நூலைப் பயின்ற சிறுவர்க்கு முழுதும் கிட்டியதெனல் ஆகாது. காலத்தின் எல்லை அது.

அடியார்களின் வரலாறு கூறும் பெருநூல் ஒன்று 1586-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டது என அறிஞர் கூறுவர். அப்பொழுது அடிகளாருக்கு வயது அறுபத்தாறு. கடற்கரை மக்களிடம் கேட்டுக் கற்ற சொற்களை, அவர் அச்சு நூலாக அம்மக்களுக்கே திருப்பியளித்தார்.

பின்னர் வந்த மாறுதல்

மாணாக்கரை நடுவில் நிறுத்தும் கல்விமுறை பிற்காலத்தில் மெல்ல மெல்ல வளர்ந்தது. ஆண்டுரு பெல் என்னும் காட்லாந்து நாட்டினர் 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். தமிழ்ச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தி, முன்கற்ற மாணாக்கரைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்திற்கும் பிற நாடுகட்கும் பரவியது. எனினும் பல இடங்களில் அதுவும் பொருளுணராத மனப்பாடமாகவே தாழ்ந்தது. மாணாக்கர் ஒருவர்க்கொருவர் கற்பித்தால் மட்டும் போதாது. அவர்கள் ஆராய்ந்து வினவும் உரிமையும் பெறுதல் வேண்டும் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. கூடிக் கற்றலையும் சிந்தித்து உரைத்தலையும் புதியது படைத்தலையும் இக்காலக் கல்வியறிஞர் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

மறைவு

அண்டிரிக் அடிகளார் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் முத்துக்குளித்துறையிலேயே வாழ்ந்தார். தாய்நாட்டிற்கு மீளவில்லை. 1600-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் புன்னைக்காயலில் உயிர் நீத்தார். அவர்தம் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

அடிகளாரின் நோக்கம் சமயத் தொண்டு. அத்தொண்டிற்கு அவர் மேற்கொண்ட வழியால் தமிழும் பயன்பெற்றது. அவர் பெற்ற வெற்றிக்குத் தம் அறியாமையை ஒப்புக்கொண்ட துணிவே வித்தாயிற்று. வகுப்பில் ஐயம் தோன்றியும் கேட்க நாணுவோர், பட்டமும் பதவியும் உடைய ஒருவர் மணற்கரையில் நின்று முத்துக்குளிப்போரிடம் சொற்பொருள் கேட்டதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முத்துக்குளிப்பில் மூழ்குபவர்க்குக் கயிறு பற்றுபவர் இன்றியமையாதவர். கல்வியில் ஐயுற்று வினவுபவர்க்கு உடன் பயில்வாரும் ஆசிரியரும் அத்தகையர். அக்கயிற்றை நம்பி மூழ்குவார்க்கே முத்துக் கிடைக்கும்.