மூட்டுக்குத் தேடிய மருந்து குடலைக் காத்தது!

பெருங்குடல் புண் கொடிய நோய். வயிறு ஓயாமல் போகும். ரத்தமும் சளியும் கலந்து போகும். ஆள் துரும்பாக இளைத்துவிடுவார். 1940-க்கு முன்பு இதற்குத் தக்க மருந்து கிடையாது. அந்தக் குறையைப் போக்கியவர் ஒரு பெண்மணி. ஆனால், அவர் தேடியதோ வேறு நோய்க்கான மருந்து!

அவர்தான் ஸ்வீடன் நாட்டு டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார்.

1890-ம் ஆண்டு வெஸ்டரோஸ் நகரில் பிறந்தார். ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவ நிலையத்தில் படித்து டாக்டரானார். 1937-ல் அங்கேயே பேராசிரியரானார். ஸ்வீடனில் அரசாங்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே.

மூட்டுகளை வீங்கச் செய்து முடக்கிப்போடும் முடக்குவாதத்துக்கு மருந்து காண விரும்பினார் அம்மையார். அந்நோய்க்குக் கிருமியே காரணம் என்பது அவர் நம்பிக்கை. கிருமியைக் கொல்ல சல்பா மருந்து. வலியையும் வீக்கத்தையும் தணிக்க, ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த சாலிசிலிக் அமில வகை. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் என்ன? பார்மாசியா மருந்துக் கம்பெனியின் ரசாயன நிபுணர்கள் செய்து கொடுத்தார்கள். 'சலாசோபைரின்' பிறந்தது.

அதைக் குடல் புண் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். பலருக்கு ரத்தப்போக்கு குறைந்தது, உடல் தேறியது. 1942-ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

ஆனால், 1940-களின் இறுதியில் பிரிட்டனில் நடந்த சோதனையில், முடக்குவாதத்துக்கு மருந்து பயன்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எதற்காகப் பிறந்ததோ அதற்கு உதவாமல் போயிற்று! குடல் நோயிலோ அதன் புகழ் வளர்ந்தது. 1960-களில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய சோதனைகளிலும் வென்றது.

1977-ல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் ஒரு ரகசியத்தைக் கண்டார்கள். பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் மருந்தை இரண்டாக உடைக்கின்றன. புண்ணை ஆற்றுவது அம்மையார் பெரிதும் நம்பிய சல்பா அல்ல, சாலிசிலிக் பகுதிதான்! சல்பா வெறும் வண்டி. குமட்டல், தலைவலி போன்ற தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த வண்டியால் வந்தவை. எனவே சாலிசிலிக் பகுதியை மட்டும் தனியே பிரித்து 'மெசலசின்' மாத்திரை செய்தார்கள். கடுமையில்லாத குடல் புண்ணுக்கு இன்றும் டாக்டர்கள் முதலில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் அதுவே.

1970-களின் இறுதியில் சலாசோபைரினை மூட்டு நோய்க்கு மறுபடியும் சோதித்தார்கள். இம்முறை பலன் தெரிந்தது. இன்று முடக்குவாதத்துக்கும் அது கொடுக்கப்படுகிறது.

அம்மையார் 1986-ல் மறைந்தார். கிருமிதான் காரணம் என்ற அவரது கணக்கு நிரூபணமாகவில்லை. ஆனால், அந்தக் கணக்கில் பிறந்த மாத்திரை எத்தனையோ பேரின் குடலைக் காத்தது; முடிவில், அவர் விரும்பியபடியே மூட்டுக்கும் மருந்தாயிற்று!