கடாரம் கொண்ட பாட்டனும் அறம் காத்த பேரனும்

மலேசியத் திருநாட்டின் வடபகுதியில் அமைந்துள்ள கெடா மாநிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கு என்னும் இடத்தில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பண்டைத் தமிழர் கடாரம் என்று வழங்கிய நிலம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. அந்நிலத்தின் பெயரைத் தன் விருதுப் பெயராகத் தாங்கியவன் முதலாம் இராஜேந்திர சோழன். வாளேந்திய வீரனாக அவனை அறியாதார் இலர். ஆயினும், தந்தையின் சொல்லைக் காத்த மகனாகவும், தன் பெயரைப் பேரனுக்கு விட்டுச் சென்ற பாட்டனாகவும் அவனை நினைப்பார் சிலரே.

மாமன்னன் இராஜராஜனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாகத் திருவாதிரை நன்னாளில் பிறந்தவன் இராஜேந்திரன். மதுராந்தகன் என்பது அவனுடைய இளமைப் பெயர். இளவரசனாக இருந்தபோதே தந்தையின் படைகளுக்குத் தலைமை தாங்கி, மேலைச் சாளுக்கிய நாட்டின் மீது போர் தொடுத்தான். 1007 ஆம் ஆண்டைச் சேர்ந்த சாளுக்கியர் கல்வெட்டு ஒன்று, சோழர் படை அந்நாட்டு மக்களுக்கு இழைத்த துன்பங்களைக் கூறி வருந்துகின்றது. வெற்றி பெற்றவர்க்குப் புகழாக அமையும் போர், தோற்றவர்க்குக் கண்ணீராக அமைகின்றது என்னும் உண்மையை அக்கல்வெட்டு இன்றும் உணர்த்தி நிற்கின்றது.

1012 ஆம் ஆண்டில் இளவரசுப் பட்டமும், 1014 இல் முழு அரசுரிமையும் பெற்ற இராஜேந்திரன் ஈழத்தை வென்றான். பின்னர் அவனுடைய படைத்தலைவன் கங்கைவரை சென்று புனித நீருடன் திரும்பினான். கோதாவரிக் கரைவரை சென்று மன்னன் அப்படையை எதிர்கொண்டான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. வெற்றியின் அடையாளமாகக் கல்தூண் நாட்டுவது அக்கால வழக்கம். இராஜேந்திரனோ சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்து, அதனையே தன் வெற்றித் தூணாகக் கொண்டான். அவன் எழுப்பிய புதிய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் விமானம், தந்தை எழுப்பிய தஞ்சை விமானத்தினும் உயரத்தில் குறைந்தது. சண்டேசருக்குச் சிவபெருமான் கொன்றை மாலை சூட்டும் அழகிய சிற்பம் அக்கோயிலில் உள்ளது. 2004 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோயிலை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது.

கல்விக்கும் அவன் ஆட்சியில் பெருங்கொடைகள் வழங்கப்பெற்றன. எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று கோயிலைச் சார்ந்து இயங்கியது. மாணவர்க்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டதை அவ்வூர்க் கல்வெட்டு எடுத்துரைக்கின்றது.

கடாரத்தோடு சோழர் கொண்ட உறவு போரினால் தொடங்கியதன்று. இராஜராஜன் காலத்தில் கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். சிவபக்தனாகிய இராஜராஜன், சமய வேறுபாடு கருதாது, ஆனைமங்கலம் என்னும் ஊரை அப்பள்ளிக்குக் கொடையாக அளித்தான். தந்தை மறைந்த பின்னர் இராஜேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தான்.

அவ்வாறிருந்த நட்பு நிலைக்கவில்லை. 1025 ஆம் ஆண்டில் சோழர் கடற்படை அலைகடல் கடந்து ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், கடாரம் முதலிய இடங்களைத் தாக்கி, கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தது. கடல் வாணிகத்தில் எழுந்த போட்டியே இதற்குக் காரணம் என்பர் வரலாற்று ஆசிரியர் பலர். தந்தை கொடை அளித்த குலத்தின் மீதே மகன் படையெடுத்தான் என்பது அவன் வாழ்வில் காணப்படும் பெரும் முரண்பாடாகும்.

முதுமையில் இராஜேந்திரன் போர்ப் பொறுப்புகளைத் தன் மக்களிடம் ஒப்படைத்தான். அவன் மகள் அம்மங்கைதேவி வேங்கி நாட்டு மன்னன் இராஜராஜ நரேந்திரனை மணந்திருந்தாள். அவர்களுக்குப் பிறந்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயராகிய இராஜேந்திரன் என்பதே சூட்டப்பெற்றது. குழந்தையைக் கண்ட பாட்டியார், தங்கள் குலத்தை விளங்கச் செய்யும் மகன் இவனே எனக் கருதி மகிழ்ந்ததாகக் கலிங்கத்துப்பரணி கூறும்.

1044 ஆம் ஆண்டில் இராஜேந்திரன் மறைந்தான். பிரமதேசத்தில் அவன் தேவியருள் ஒருவராகிய வீரமாதேவியார் உடன் தீப்பாய்ந்தார். அவர்தம் நீர்வேட்கை தணியுமாறு அவருடைய உடன்பிறந்தார் அங்கே தண்ணீர் அறம் ஒன்றை நிறுவினார். கங்கை நீரைக் கொணர்வித்த பேரரசனின் நினைவோடு வழிப்போக்கர் தாகம் தீர்த்த தண்ணீரும் இணைந்திருப்பது உள்ளத்தை உருக்குவதாகும்.

அவனுடைய மக்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டபின், சோழநாடு குழப்பத்தில் ஆழ்ந்தது. அவ்வேளையில் 1070 இல் அரியணை ஏறியவன், பாட்டனின் பெயரைத் தாங்கிய அப்பேரனே. முதலாம் குலோத்துங்க சோழன் என்று வரலாறு போற்றும் அவன், சுங்க வரியை நீக்கியமையால் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் புகழ்பெற்றான்.

1090 ஆம் ஆண்டில் கடாரத்து மன்னனின் தூதர் இருவர் குலோத்துங்கனின் அவைக்கு வந்தனர். நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளுக்கு உரிய ஊர்களின் வரிகளை நீக்கித் தருமாறு அவர்கள் வேண்டினர். அப்பள்ளிகளுள் ஒன்று இராஜராஜப் பெரும்பள்ளி. மற்றொன்று இராஜேந்திர சோழப் பெரும்பள்ளி. கடாரத்தை வென்றவனின் பெயரே கடாரத்தாரின் வழிபாட்டிடத்திற்கு வழங்கி வந்தது! குலோத்துங்கன் அவ்வேண்டுகோளை ஏற்று, ஆணையைச் செப்பேட்டில் பொறித்தளித்தான். பாட்டனின் படை முறித்த நட்பினைப் பேரனின் அறம் மீண்டும் உறுதிப்படுத்தியது.

திருவிழாக் காலங்களில் மறைந்த பாட்டனார் பெயரால் உபயமும் அன்னதானமும் செய்யும் குடும்பங்கள் பல. முன்னோர் தொடங்கிய நன்மையைத் தொடர்வதும், அவர்களால் விளைந்த குறையை நேர்செய்வதும் பேரப்பிள்ளைகளின் கடமை என்பதை அச்செப்பேடு நினைவூட்டுகின்றது. அவ்வாறு செய்யப்படும் ஒவ்வோர் அறத்திற்கும் எல்லாம்வல்ல இறைவனின் திருவருள் துணை நிற்பதாக.