ரஹீம் சாகிப்: களத்தோரத்து ஆசான்

போட்டியின் நடுவே பந்தைத் தவறவிட்ட வீரன் முதலில் திரும்பிப் பார்ப்பது தன் பயிற்சியாளரின் முகத்தைத்தான். அங்கே சினம் தெரிந்தால் அவன் கால்கள் தயங்கும். நம்பிக்கை தெரிந்தால் சோர்வு அகலும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் சையது அப்துல் ரஹீம் அவர்கள்.

1909இல் பிறந்த அவர், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஹைதராபாத்தில் பள்ளியாசிரியராகப் பணியாற்றியவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் காவல்துறை அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951இல் புதுதில்லி ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் பெற்றபோதும் அவரே பயிற்சியாளர்.

மறு ஆண்டே பேரிடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்றோம். நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. அத்தோல்வி ரஹீமை முடக்கவில்லை. 1956இல் மெல்போர்னில் அவரது அணி அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பெற்றது.

அவரது மனவுறுதிக்குப் பெருஞ்சோதனை 1962இல் ஜகார்த்தாவில் வந்தது. இந்திய அதிகாரி ஒருவரின் கருத்தால் கொதித்திருந்த மக்கள், நம் வீரர்களைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 எனத் தோல்வி. அடுத்துத் தாய்லாந்துடன் மோதியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போடப்பட்டது. ரஹீமையோ நுரையீரல் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் பதறியிருந்தால் அணி சிதறியிருக்கும். அவரோ காயமுற்ற ஜர்னைலை ஒதுக்காமல், முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியில் அவர் கோல் அடித்தார். இறுதியாட்டத்திற்கு முந்தைய நாள், தமக்குப் பரிசாகத் தங்கப்பதக்கம் வேண்டுமென ரஹீம் வீரர்களிடம் கேட்டாராம். கண்டிப்பு மிக்க ஆசான் கையேந்திக் கேட்டால் எந்த மாணவன் மறுப்பான்?

செப்டம்பர் 4 அன்று, உடல்நலம் குன்றியிருந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். இவர் மெட்ராஸ் ரெஜிமெண்டின் வழிவந்த வீரர். பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் கோல் அடிக்க, இந்தியா 2–1 என்று தென்கொரியாவை வென்றது. ஒன்பது திங்கள் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறையடி சேர்ந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன்பின் இந்தியா தங்கம் வென்றதில்லை.

நம் சேக்காட்டிலும் ஆவடியிலும் மாலைதோறும் சிறுவர் பந்தாடுகின்றனர். களத்தோரம் நிற்கும் பெரியோரும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும் ஒன்றை நினைவில் கொள்ளல் நலம்: பிள்ளை தவறும் நொடியில் நம் முகம் காட்டுவதே அவன் மனத்தில் பதியும் பாடம். பொறுமையால் வென்ற அப்பெருமகனாரின் மறுமை வாழ்வை இறைவன் சிறப்பாக்குவானாக!