பனிமலை விமானி

எத்தொழிலுக்கும் கருவி இன்றியமையாதது. உழவர்க்கு ஏரும், தச்சர்க்கு உளியும், நெசவாளர்க்குத் தறியும் துணையாகின்றன. ஆயினும் பெரியது என்பதனாலேயே ஒரு கருவி சிறந்ததாகிவிடாது. பெருமரத்தை வீழ்த்தும் கோடரியைக் கொண்டு தச்சர் பலகையில் துளையிடுவதில்லை. இன்ன இடத்திற்கு இன்ன கருவியே ஏற்றது என்று அறிவதும், அக்கருவியின் ஆற்றல் எவ்வளவு, அதன் எல்லை எது என்று தெளிவதுமே தொழிலறிவின் முதற்படியாகும். இவ்வறிவைத் துணையாகக் கொண்டு, மிகச் சிறிய ஆகாய விமானங்களின் உதவியால், பிறர் செல்ல அஞ்சிய பனிமலைகளிலும் ஆற்றுப் பிளவுகளிலும் இறங்கி மாந்தர் உயிரைக் காத்த பெருந்தகை ஒருவர் இருந்தார். அவரே டான் ஷெல்டன் என்பவர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்குக் கோடியில் அலாஸ்கா என்னும் பெருநிலம் உள்ளது. 1867ஆம் ஆண்டில் அமெரிக்கர் அதனை உருசிய நாட்டிடமிருந்து விலைகொடுத்து வாங்கினர். 1959ஆம் ஆண்டில் அஃது அமெரிக்காவின் 49ஆம் மாநிலமாயிற்று. மலையும், காடும், ஏரியும், பனியாறும் நிறைந்த அந்நிலத்தில் சாலைகள் மிகச் சில. சுரங்கத் தொழிலாளரும், வேட்டையாடுவோரும், நில அளவையாளரும் வாழும் இடங்களுக்கு உணவும் மருந்தும் செல்ல வேண்டுமாயின், பல வேளைகளில் வானமே வழியாகும். ஆனால் அவ்விடங்களில் சீரான விமான நிலையங்கள் இல்லை. ஆற்று மணல்திட்டும், சரளைக்கல் பரப்பும், ஏரி நீரும், உறைபனியுமே ஓடுதளங்கள். இத்தகைய இடங்களில் விமானம் செலுத்துவோரைக் காட்டு விமானிகள் என்று வழங்குவர்.

ஷெல்டன் 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிறந்து, வயோமிங் மாநிலத்தில் வளர்ந்தார். இளமையிலேயே புதிய நிலங்களைக் காணும் வேட்கை அவரிடம் மிகுந்திருந்தது. 1938ஆம் ஆண்டில், மீசை அரும்பும் பருவத்திலேயே, அவர் அலாஸ்காவுக்கு வந்து சேர்ந்தார். கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தார். பின்னர் விமானம் ஓட்டக் கற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, குண்டுவீச்சு விமானமொன்றின் வாற்பகுதியில் அமர்ந்து பகைவிமானங்களைச் சுடும் வீரராக ஐரோப்பிய வானில் பணியாற்றினார். போர் முடிந்தபின் அலாஸ்காவுக்கே மீண்டு, 1948ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருடன் கூடித் டாக்கீட்னா என்னும் சிற்றூரில் வாடகை விமானத் தொழிலைத் தொடங்கினார். மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த அவ்வூரிலிருந்து நோக்கினால், வட அமெரிக்காவின் மிகவுயர்ந்த மலை வெண்முடி தரித்து நிற்பதைக் காணலாம். அதன் உயரம் 20,310 அடி. டெனாலி என்று பழங்குடி மக்களாலும், மக்கின்லி என்று பிறராலும் அது வழங்கப்பெறும்.

ஷெல்டன் தம் தொழிலுக்குக் கொண்ட விமானங்கள் பெரும்பாலும் வால்சக்கர விமானங்களே. இவ்வகை விமானத்தில் இரண்டு பெருஞ்சக்கரங்கள் முன்புறத்திலும், ஒரு சிறுசக்கரம் வாலின் அடியிலும் இருக்கும். தரையில் நிற்கும்போது மூக்கு வானை நோக்கி நிமிர்ந்திருக்கும். ஆதலின் முன்னே சுழலும் விசிறி தரையினின்று உயர்ந்து நின்று, கல்லிலும் புதரிலும் மோதாமல் தப்பும். மூக்கின் கீழ்ச் சக்கரமுடைய விமானம் குழியில் சிக்கினால் அச்சக்கரத்தின் கால் முறிந்துவிடலாம். வால்சக்கரத்திற்கு அவ்விடர் குறைவு. சக்கரங்களை நீக்கிப் பனிச்சறுக்குப் பலகைகளைப் பொருத்துதலும் எளிது.

நன்மை உள்ளவிடத்தில் குறையும் உண்டு. நிமிர்ந்த மூக்கு, தரையில் ஓடும்போது விமானியின் நேர்ப்பார்வையை மறைக்கும். அன்றியும், விமானத்தின் எடை பெருஞ்சக்கரங்களுக்குப் பின்னே அமைவதால், ஓட்டம் சிறிது கோணினும் பின்பாகம் முன்பாகத்தை முந்த முயலும். கருத்தூன்றாத விமானியின் கையில் அது நொடிப்பொழுதில் வட்டமிட்டுத் திரும்பி இறக்கை முறியும். எனவே வால்சக்கர விமானம், நிலத்தின் கொடுமையைப் பொறுக்குமேயன்றி, ஓட்டுவோரின் கவனக்குறைவைப் பொறுக்காது.

பனியாற்றில் விமானம் இறக்கும் கலையை ஷெல்டனுக்கு முன்னரே சிலர் தொடங்கி வைத்தனர். அவருள் தலையாயவர் பாப் ரீவ் என்பவர். அவர் 1930ஆம் ஆண்டுகளில் வால்டீஸ் என்னும் கடற்கரையூரில் இருந்துகொண்டு, மலைமேல் உள்ள சுரங்கங்களுக்குப் பொருள்களைக் கொண்டு சென்றார். கோடையில் ஊர்த்தரையில் பனி இல்லை; மலைமேல் பனி உண்டு. ஆதலின் கடல் வற்றும் வேளையில் வெளிப்படும் சேற்றுநிலத்தில், சறுக்குப் பலகைகளைக் கொண்டே விமானத்தை எழுப்பவும் இறக்கவும் அவர் பழகினார். 1937ஆம் ஆண்டில் பிராட்போர்டு வாஷ்பர்ன் என்னும் மலையாராய்ச்சியாளரை அவர் ஒரு பனியாற்றில் இறக்கியபோது, இளகிய பனியில் விமானம் புதைந்தது. சில நாள் காத்திருந்து, குளிர் மிகுந்து பனி இறுகிய வேளையில்தான் அவர் தப்பி எழ முடிந்தது. அதே வாஷ்பர்ன் 1951ஆம் ஆண்டில் டெனாலி மலைக்குச் சென்றபோது, அலாஸ்காப் பல்கலைக்கழகத் தலைவராய் இருந்த டெரிஸ் மூர், சக்கரமும் சறுக்குப் பலகையும் ஒருங்கே அமைந்த ஒரு சிறு விமானத்தில் அவரைப் பனியாற்றில் கொண்டு சென்று இறக்கினார். அதன்பின் வாஷ்பர்ன் அம்மலையின் நிலப்படத்தை வரையும் பணியில் ஈடுபட்டபோது, அவருக்கு விமானியாய் வாய்த்தவர் ஷெல்டன்.

அப்பணி ஷெல்டனுக்கு ஒரு கல்விக்கூடமாயிற்று. பனியாறு சமநிலம் அன்று, அது சரிவு. ஆதலின் சரிவில் மேல்நோக்கி இறங்குதல் வேண்டும். கீழ்நோக்கி ஓடி எழுதல் வேண்டும். இறங்கியதும் விமானத்தைக் குறுக்காகத் திருப்பி நிறுத்தாவிடில் அது பின்னோக்கிச் சறுக்கிவிடும். இறங்கத் தொடங்கிய பின்னர் ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் மனத்தை மாற்றிக்கொள்ளவும் இயலாது. ஏனெனில், விமானம் மேலேறும் விரைவினும் மலை விரைந்து உயரும். மேகம் மூடிய நாளில் வானும் பனியும் ஒரே வெண்மையாய்த் தோன்ற, தரை எங்குள்ளது என்பதே புலப்படாது. அக்காலத்து ஷெல்டன் ஊசியிலை மரக்கிளைகளைப் பனிமேல் எறிந்துவிட்டு, அக்கரும்புள்ளிகளைக் கொண்டு உயரத்தைக் கணித்து இறங்குவார். பனிக்கடியில் மறைந்து கிடக்கும் பிளவுகளையோ, நிழலின் மெல்லிய கோடுகளைக் கண்டே உணர வேண்டும்.

விமானங்களுள் எது சிறந்தது என்ற வினா விமானிகளிடையே என்றும் எழுவதுண்டு. ஷெல்டனின் தொழில் அதற்கு விடையாக அமைந்தது. பைப்பர் நிறுவனம் 1949ஆம் ஆண்டு முதல் செய்த சூப்பர் கப் என்னும் விமானம் மிகச் சிறியது. எஃகுக் குழாய்களாலாகிய சட்டத்தின்மேல் துணி போர்த்தப் பெற்றது. ஒருவர்பின் ஒருவராக இருவரே அமரலாம். 150 குதிரைத்திறன் பொறி பூண்ட சூப்பர் கப், கடல்மட்ட உயரத்தில் ஏறத்தாழ 200 அடி ஓடியே எழவல்லது. ஆனால் அதன் விரைவும் குறைவு, சுமையும் குறைவு. செஸ்னா நிறுவனம் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட 180 என்னும் விமானமோ முழுதும் உலோகத்தாலாயது. நால்வர் அமர இடமுடையது. தொடக்கத்தில் 225 குதிரைத்திறன் பொறி பூண்டது. மணிக்கு 150 மைலுக்கு மேலும் விரைந்து செல்லும். பொதியும் மிகுதியாய்ச் சுமக்கும். ஆயினும் எடை மிக்கதாதலின் இறங்கவும் எழவும் நீண்ட இடம் வேண்டும். ஏரோங்கா செடான் என்னும் மூன்றாவது விமானம் 145 குதிரைத்திறனும் நான்கு இருக்கையும் உடையது. மிதவைகளைப் பொருத்தினால் ஆற்றிலும் ஏரியிலும் இறங்கும்.

இம்மூன்றையும் ஷெல்டன் பயன்படுத்தினார். மலையேறுவோரையும் அவர்தம் மூட்டைகளையும் அகன்ற பனியாற்றுக்குக் கொண்டு செல்லச் செஸ்னா உதவியது. குறுகிய இடத்திலும் மிகுந்த உயரத்திலும் இறங்கச் சூப்பர் கப் உதவியது. நீரில் இறங்க மிதவை பூண்ட செடான் உதவியது. எது சிறந்தது என்பதற்கு விடை விமானத்தில் இல்லை; செல்லும் இடத்திலும் செய்யும் செயலிலுமே உள்ளது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1955ஆம் ஆண்டில் அவ்வுணர்வு எண்மர் உயிரைக் காத்தது. சுசிட்னா ஆற்றில் படகு செல்லும் வழியை ஆராயப் புறப்பட்ட படைவீரர் எண்மர், பேய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் பெயருடைய மலையிடுக்கில் சிக்கினர். செங்குத்தான பாறைகளுக்கிடையே சீறிப் பாய்ந்த வெள்ளம் அவர்தம் படகை நொறுக்கியது. உயிர்பிழைத்தோர் நீர்விளிம்பில் குளிரால் நடுங்கி ஒடுங்கிக் கிடந்தனர். வானிலிருந்து அவர்களைக் கண்ட ஷெல்டன், அவர்கள் இருந்த இடத்தில் இறங்க இயலாது என்பதையும் கண்டார். ஆதலின் சற்று மேலே, நீர் ஓரளவு அமைந்த பகுதியில் செடானை இறக்கினார். பின்னர் விமானத்தின் மூக்கை வெள்ளம் வரும் திசைநோக்கி நிறுத்திப் பொறியை ஓடவிட்டு, வேகத்தை ஏற்றியும் தணித்தும், விமானம் வால்முன்னாகப் பின்னோக்கி மிதந்து செல்லுமாறு செய்தார். அலைகள் மிதவைகளை மோதின; நீர்த்திவலை விசிறியை நனைத்தது. பொறி ஒருமுறை நின்றிருப்பின் பாறையே முடிவாகியிருக்கும். வீரரை ஏற்றிக்கொண்டபின்னும் அவ்விடத்தில் எழ வழியில்லை. மலையிடுக்கின் வழியே மிதந்து சென்று, கீழே நீர் அடங்கிய இடத்திலேயே எழ வேண்டியிருந்தது. இத்தகைய செயலை அவர் ஒருமுறை செய்து அமைந்தாரில்லை. மீண்டும் மீண்டும் சென்றார். எண்மரும் பிழைத்தனர். அமெரிக்கப் படைத்துறை அவருக்குப் பாராட்டு அளித்தது.

1960ஆம் ஆண்டு மே மாதத்தில் மற்றொரு சோதனை நேர்ந்தது. டெனாலி மலையில் ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு இறங்கிய நால்வர் சறுக்கி வீழ்ந்தனர். ஒருவருடைய கால் முறிந்தது. அந்நால்வருள் ஜிம் விட்டேக்கர் என்பாரும் ஒருவர். 1963ஆம் ஆண்டில் எவரெஸ்டு முடியை எட்டிய முதல் அமெரிக்கர் அவரே. அதே வேளையில், அருகில் இருந்த வேறொரு குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் உயரத்தால் விளையும் நோயுற்று உணர்விழக்கும் நிலையில் இருந்தார். நோயுற்றவரைத் தோழர்கள் 14,300 அடி உயரமுள்ள ஓரிடம் வரை இறக்கிக் கொணர்ந்தனர். அவ்வுயரத்தில் காற்றின் செறிவு கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. காற்று மெலியப் பொறியின் ஆற்றலும் மெலியும். இறக்கையின் தாங்கும் வலியும் மெலியும். உதவிக்கு வந்த வேறொரு சிறு விமானம் அந்நாள்களில் மலைமீது வீழ்ந்து, அதிலிருந்த இருவரும் உயிர்துறந்தனர்.

அந்நிலையில் ஷெல்டன் பெரிய விமானத்தை நாடவில்லை. சுமை குறைந்த சூப்பர் கப்பைத் தேர்ந்தார். சரிவில் மேல்நோக்கி இறங்கி, நோயுற்ற பெண்மணியை ஏற்றிக்கொண்டு, மலையினின்று கீழ்நோக்கி ஓடி எழுந்தார். அந்நோயுற்றார் உயிர் பிழைத்தார். அதற்கும் மேலே, 17,200 அடி உயரத்தில், லிங்க் லக்கட் என்னும் விமானி தம் ஹெலிகாப்டரை இறக்கிக் கால் முறிந்தவரை மீட்டார். சூப்பர் கப் செல்ல இயலாத இடத்திற்கு ஹெலிகாப்டர் சென்றது. ஒன்று மற்றொன்றுக்குத் துணையாயிற்றேயன்றிப் போட்டியாகவில்லை.

ஷெல்டனின் வாழ்க்கை வெற்றிகளால் மட்டும் நிரம்பியதன்று. அவர் பல விமானங்களை உடைத்து இழந்தார். பனியில் சிக்கி, மண்வாரியால் வழி செய்து மீண்ட நாள்களும் உண்டு. ஒவ்வோர் இழப்பையும் அவர் ஒரு பாடமாகக் கொண்டார். 1964ஆம் ஆண்டில் அவர் மணந்துகொண்ட நங்கை, பனியாற்று விமானிகளின் முன்னோடியான பாப் ரீவின் மகளாவார். 1966ஆம் ஆண்டில், ரூத் என்னும் பனியாற்றின் நடுவே உள்ள பாறைத் திட்டில் ஒரு சிறு குடிலை ஷெல்டன் அமைத்தார். அதனைச் சூழ்ந்த பெரும்பனிவெளி அவர் பெயராலேயே வழங்குகின்றது.

எத்தனையோ முறை மலையையும் வெள்ளத்தையும் வென்று மீண்ட அவரை நோய் வென்றது. புற்றுநோயால் 1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் 53ஆம் அகவையில் அவர் காலமானார். அவர் தொழில் நடத்திய டாக்கீட்னா ஊரிலிருந்து மலையேறுவோரைச் சுமந்து செல்லும் சிறு விமானங்கள், அவர் வகுத்த முறையைப் பின்பற்றியே பனியாறுகளில் இறங்குகின்றன.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். வேந்தர்க்கு உரைத்த அம்மூன்றும் வினை செய்வார் அனைவர்க்கும் பொருந்தும். ஷெல்டன் தம் விமானத்தின் வலியை அறிந்தார். பனியும் மேகமும் இடந்தரும் காலத்தை அறிந்தார். இறங்கத் தகும் இடத்தை அறிந்தார். வீரம் பலரிடத்தும் உண்டு. அவ்வீரத்திற்கு அறிவு துணையாகி, அறிவுக்கு இரக்கம் துணையாகும்போதே அது பிறர்க்குப் பயன்படுகின்றது. துணி போர்த்த சிறு விமானமும் அத்தகையோர் கையில் உயிர்காக்கும் பெருங்கருவியாகும்.