ஸ்காட் ஜாப்ளின்

டெக்ஸஸ் மாகாணத்தில், அடிமைத்தளையினின்று விடுபட்ட ஒருவரின் மைந்தராய்த் தோன்றியவர் ஸ்காட் ஜாப்ளின். அன்னையார் பிறர் இல்லங்களில் ஊழியஞ் செய்தார். அவ்வில்லமொன்றின் பியானோவிலேயே சிறுவர் விரல் பழகினார். ஜூலியஸ் வைஸ் என்னும் ஜெர்மானியர் அவருக்கு ஐரோப்பிய சங்கீதத்தைப் போதித்தார்.

பின்னர் மிஸ்ஸௌரி மாகாணத்துச் செடேலியா நகரில், மெதடிஸ்ட் சபையார் கறுப்பின மாணவர்க்கென நடத்திய கல்லூரியிற் பயின்றார். 1899இல் ஜான் ஸ்டார்க் என்பவர் அவருடைய ‘மேபிள் லீப் ராக்’ என்னும் உருப்படியை அச்சிட்டார். இடக்கை பிசகாது தாளமிட, வலக்கை அதற்கு முன்னும் பின்னுமாய்த் துள்ளி விழுவதே ‘ராக்டைம்’. நம் இராகத்துக்கும் இதற்கும் பெயரொலியன்றி உறவில்லை. பிரதியொன்றுக்கு ஒரு சென்ட் அவருக்குரியதென ஒப்பந்தமாயிற்று. இத்தகைய உருப்படிகளை ஒரு சிறு தொகைக்கு அடியோடு விற்றுவிடுவதே வழக்கமாயிருந்த அந்நாளில் இஃது அரிய செய்தி. விரைந்து வாசிக்கலாகாதென்று தம் பிரசுரங்களிலேயே எச்சரித்தார், செவிசாய்த்தோர் சிலரே.

கல்வி கற்ற கறுப்பினப் பெண்ணொருத்தி தன் மக்களுக்குத் தலைமை பூணும் கதையை ‘ட்ரீமொனிஷா’ என இசைநாடகமாக்கி, 1911இல் தம் பொருள் கொண்டே அச்சிட்டார். 1915இல் ஹார்லெமில் வாத்தியக் குழுவின்றித் தாமே பியானோ வாசித்து அதனை நடத்தினார். அவை கனியவில்லை. 1917 ஏப்ரல் 1இல் நியூயார்க்கில் காலமானார்.

1902இல் அவர் இயற்றிய ‘எண்டர்டெய்னர்’, 1973இல் ‘தி ஸ்டிங்’ என்னும் திரைப்படத்தின் வாயிலாக உலகெங்கும் ஒலித்தது. அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் கிடைத்தது அதற்கடுத்த ஆண்டில்.